வரிசையில் நிற்காதவர்கள்

போர்ட்டிக்சனில் ஒரு பல் மருத்துவரிடம் ரதி உதவியாளராக இருந்தாள். திறந்த வாய்களிலிருந்து எச்சிலையும் ரத்தத்தையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. சொத்தைப் பல்லின் நாற்றம், சீழ், பிடுங்கிய வேரில் ஒட்டிக்கொண்டு வரும் சதை, எதுவும் அவளை ஒன்றும் செய்யாது. கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவிவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். அதனால் அந்தச் சனிக்கிழமை, தெமியாங்கில் கணவனின் அண்ணன் வீட்டுக் கூடத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தபோது, காலையில் பசியாறிய நாசி லெமாக்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள்.

எல்லாம் ஒரு தீம் பார்க்கில்தான் ஆரம்பித்தது.

ரதியும் அவள் கணவன் முகுந்தனும் இருந்தது சுவா பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் கட்டிய மலிவு வீடுகளில் ஒன்றில். முகுந்தன் பள்ளி வேன் ஓட்டினான். மூத்தவள் தனிஷாவுக்கு ஏழு வயது. இளையவன் தர்வினுக்கு மூன்று. தனிஷாவின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்குகள் இருக்கும் பெரிய தீம் பார்க்குக்குப் போய் வந்திருந்தார்கள். தனிஷா அழவில்லை, கேட்கவும் இல்லை. ‘விடுமுறையில் நான்’ என்று வகுப்பில் வரையச் சொன்னபோது, பார்த்தே இராத ஒரு சறுக்கை வரைந்து, அதன் உச்சியில் தன் பெயரை எழுதிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த அன்றைக்கே ரதி முடிவெடுத்துவிட்டாள்.

அவளும் போனதில்லை. அதனால் ஒன்று விடாமல் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். பிள்ளைகளைக் கதவு நிலையில் நிற்கவைத்து உயரம் அளந்தாள். எந்தச் சறுக்குக்கு எவ்வளவு உயரம் வேண்டும், பால் புட்டியை உள்ளே விடுவார்களா, நிழல் எந்தப் பக்கம், ஈரத்துணி மாற்ற இடம் எங்கே என்று கிளினிக்கில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தொலைபேசியில் பார்த்துவைத்தாள். காடியில் ஏறினாலே தர்வினுக்கு வாந்தி வரும். அவனை எங்கே நிறுத்தி, என்ன கொடுத்துக் கூட்டிப் போவது என்பதுவரை யோசித்துவிட்டாள். ஒருநாள் மருத்துவரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்றதப் பாத்தா நானே லீவு போட்டுட்டு வந்துடுவேன் போல” என்றார். ரதிக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்காகவே அவள் ஆசைப்பட்ட ஒரு காரியம் அது.

முகுந்தன் போய் அண்ணனிடம் சொன்னான்.

அண்ணன் ஹேமநாதன் சிரம்பானில் கார் விற்கும் கடையில் சூப்பர்வைசர். முகுந்தனுக்கு வேன் கிடைக்க வழி பண்ணியதும் அவன்தான். அதனால் அண்ணன் சொல்வது எதுவானாலும் முகுந்தனுக்குச் சரிதான். அடுத்த ஞாயிறே ஹேமநாதன் மனைவி புஷ்பவள்ளியையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

“எல்லாரும் ஒண்ணா போயிடுவோம்லா. நீங்க மட்டும் தனியா போயி என்ன செய்யப் போறீங்க” என்றான்.

ரதி எழுந்தாள். தேநீர் கலக்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் போகிற நாள், கிளம்பும் நேரம், யார் காடியில் யார் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது.

“ஆனா லீவு நேரம் வரிசைதான் பெரிய கொடும” என்றாள் புஷ்பவள்ளி. “போன வருசம் எங்க ஆபீஸ்ல ஒருத்தி போனா. பாதி நாளு வெயில்ல நின்னதுதான் மிச்சம்னா. ரெண்டே ரெண்டு சறுக்கு ஏறிட்டு வந்துட்டா.”

ஹேமநாதன் கோப்பையைக் கீழே வைத்தான். “அதுக்கு நான் வழி வச்சிருக்கேன். நம்ம பஞ்சாலை மக இருக்குல்ல?”

பஞ்சாலை அண்ணன் தம்பி இருவருக்கும் சித்தி மகள். தோட்டத்துக்குள் இன்னும் இடிக்காமல் விட்டிருந்த பழைய தொழிலாளர் லயத்தில் மகளோடு இருந்தாள். செம்பனைக் கன்றுகள் வளர்க்கும் நர்சரியில் பாலிபேக்கில் மண் நிரப்பும் வேலை. புருஷன் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவன், அப்படியே அங்கே ஒரு குடும்பமாகிவிட்டான். மகள் ஷாமினி மூச்சுத் திணறிப் பிறந்தவள். பத்து வயதாகிறது, பார்த்தால் ஏழு வயதுதான் சொல்வார்கள். கையும் காலும் அவள் சொல்பேச்சு கேட்காது. சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அறிவில் ஒரு குறையும் இல்லை. பேச்சு மட்டும் இழுத்து இழுத்து மெதுவாக வரும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் நன்றாகவே புரியும். பொறுத்துக் கேட்பவர்கள் அந்தக் குடும்பத்தில் அதிகம் இல்லை.

“அந்தப் புள்ளகிட்ட ஓகேயூ கார்டு இருக்கு” என்றான் ஹேமநாதன். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். “கார்டு உள்ளவங்களுக்கு வேற வாசல். வரிசை கிடையாது. கூட போற குடும்பத்தையும் சேத்து விட்டுடுவாங்க. நாம நேரா மேல ஏறி, சறுக்கி இறங்கி, அடுத்ததுக்குப் போயிடலாம்.”

“அண்ணனுக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ” என்றான் முகுந்தன். மெய்யாகவே வியந்துதான் சொன்னான்.

ரதிக்கு அது பிடிக்கவில்லை. புஷ்பவள்ளி தீபாவளிக்குப் பலகார டின்னை வெளிக்கேட்டிலேயே பஞ்சாலையிடம் கொடுத்து அனுப்புகிறவள். பையன்களின் பிறந்தநாள் எதற்கும் ஷாமினியைக் கூப்பிட்டதில்லை. நாற்காலி வந்தால் தரையில் கோடு விழும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் பிள்ளை வேண்டியிருக்கிறது. ஆனாலும் ரதி யோசித்தாள். என்ன எண்ணத்தில் கூப்பிட்டால் என்ன, ஷாமினி போவாள் அல்லவா? தண்ணீரைப் பார்ப்பாள் அல்லவா? அதோடு தர்வினைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கவேண்டாம் என்பதும் மனதின் ஒரு மூலையில் இருந்தது.

“நானே பஞ்சாலைகிட்டப் போய்ச் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் போனாள். பஞ்சாலை குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றாள். சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு நம்ப முடியவில்லை.

“பெரியண்ணனா கூப்பிடச் சொன்னுச்சு? எங்களையா?”

“ஆமா, உங்க ரெண்டு பேரையும்தான்.”

பஞ்சாலை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் எதையோ பார்ப்பதுபோல் நின்றாள். ஷாமினி நாற்காலியில் இருந்தபடி ரதியின் தொலைபேசியைக் காட்டச் சொன்னாள். படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியபோது ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். மலைமேலிருந்து வளைந்து இறங்கும் கறுப்புக் குழாய்ச் சறுக்கு.

“அத்தை, இதுல... என்னை... விடுவாங்களா?”

“தெரியலடா. கேட்டுட்டுச் சொல்றேன்.”

“கேளுங்க. சும்மா... ஆமான்னு... சொல்லிடாதீங்க.”

அதற்கடுத்த நாட்களில் ரதி தன் திட்டத்தில் ஷாமினிக்கும் இடம் பண்ணினாள். நாற்காலி ஏறும் சாய்தளம், அவளைப் படுக்கவைத்துத் துணி மாற்றக்கூடிய அறை என்று தேடிப் பார்த்தாள். பஞ்சாலை பசார் மாலாம் இரவுச் சந்தையில் மகளுக்கு நீச்சல் உடை வாங்கினாள். அதைப் படம் எடுத்து ரதிக்கு அனுப்பினாள். இளம்பச்சை நிறம், மார்பில் ஒரு மீன்.

விடுமுறைக்கு முந்தின வாரக் கடைசியில் பிள்ளைகள் இருவரும் பெரியப்பா வீட்டில் தங்கப் போனார்கள். சனிக்கிழமை மதியம் கிளினிக் முடிந்ததும் ரதி தெமியாங் போனாள். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணி அடித்தும் யாரும் வரவில்லை. உள்ளே பெரிய சிரிப்புச் சத்தம். பின்பக்கம் போய்ச் சமையலறை வழியாக நுழைந்தாள்.

கூடத்தின் நடுவே சக்கரம் வைத்த மேசை நாற்காலி ஒன்றில் தனிஷா உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலது மணிக்கட்டை உள்ளுக்கு மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். வாய் கோணித் திறந்து, நாக்கு வெளியே தொங்க, முகவாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. முடியைக் காதுவரை வெட்டிவிட்டிருந்தார்கள். எதிரே ஹேமநாதன் வாசல் காவலாளியைப்போல் நின்றுகொண்டு, மலாய்க் குரல் ஒன்றைப் போலிசெய்து கேட்டான்.

“பேரு என்ன?”

“ஷா... ஷா... மி... னீ...”

பையன்கள் சோபாவில் விழுந்து சிரித்தார்கள். ஒன்றும் புரியாமல் தர்வினும் கைதட்டிச் சிரித்தான். புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு தொலைபேசியில் படம் பிடித்தாள். “இன்னும் கொஞ்சம் எச்சி விடுடா, அப்பத்தான் நம்புவாங்க” என்றாள்.

அப்போதுதான் ரதிக்கு வயிறு புரண்டது.

தனிஷா அம்மாவைப் பார்த்துவிட்டாள். மடக்கிய கையைச் சட்டென்று இறக்கவில்லை. பாராட்டு வரும் என்று காத்திருப்பதுபோல அப்படியே புன்னகைத்தாள்.

ரதி போய்த் தன் துப்பட்டாவால் மகளின் முகவாயைத் துடைத்தாள். இறங்கு என்று கையைப் பிடித்தாள்.

“என்ன மாமா இது?” என்று கேட்டாள்.

“அட, வா வா” என்றான் ஹேமநாதன். அவன் முகத்தில் கூச்சம் இல்லை. “உன் மக பெரிய நடிகை. கார்டுல உள்ள படம் சின்ன வயசுல எடுத்தது. முடிய வெட்டினா அப்படியே இருக்கு. யாரு உத்துப் பாக்கப் போறான்?”

“ஷாமினிதான வருது. அப்புறம் இவ எதுக்கு?”

ஹேமநாதன் மனைவியைப் பார்த்தான். புஷ்பவள்ளிதான் பேசினாள். “யோசிச்சுப் பாரு ரதி. அது வந்தா பஞ்சாலையும் வரணும். காடியில இடம் எங்க? அதத் தூக்கணும், இறக்கணும், கக்கூஸுக்குக் கொண்டு போவணும். சோத்தப் பாத்தா நாலு பக்கமும் சிந்தும். நம்ம புள்ளைங்க எப்ப வெளையாடறது? எனக்கு அதப் பாத்துக்கிட்டே சாப்பிட முடியாது, உள்ளதச் சொல்றேன்.”

“பஞ்சாலைகிட்ட என்ன சொன்னீங்க?”

“அந்த மாதிரி புள்ளைங்கள உள்ள விட மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்” என்றான் ஹேமநாதன். “மனசு கஷ்டப்படாம செட்டல் பண்ணியாச்சு. கார்டும் நாற்காலியும் குடுத்துட்டா. முகுந்தன் நேத்தே எடுத்துட்டு வந்துட்டான். ஏன், உன்கிட்டச் சொல்லலையா?”

ரதி தர்வினை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பிள்ளைகளின் பை எங்கே என்று கேட்டாள். புஷ்பவள்ளி, சாப்பிட்டுவிட்டுப் போ, கோழி பிரட்டி வைத்திருக்கிறேன் என்றாள். அந்தக் கோழியின் மசாலா வாசம் ரதியின் தொண்டைவரை வந்து நின்றது. அந்த வீட்டுச் சோபா, மூலையில் இருந்த சாமி படம், பழத்தட்டு எல்லாவற்றின்மீதும் வழவழவென்று ஏதோ பூசியிருப்பதுபோல் இருந்தது. எதையும் தொடாமல் வெளியே வந்தாள்.

சுவா சாலையில் திரும்பியதும் பின்னாலிருந்து தனிஷா கேட்டாள்.

“அம்மா, நான் நல்லா செஞ்சேனா? பெரியப்பா என்னைத்தான் பெஸ்ட்டுன்னு சொன்னாங்க.”

ரதி காடியைச் சாலையோரம் நிறுத்தினாள். இறங்கி, கால்வாய் ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள். எழுந்து செம்பனை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர்ப் புட்டியை எடுத்து வாய் கொப்பளித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஷாமினி அக்கா பேசுனா உனக்குப் புரியுமா?”

“புரியும்” என்றாள் தனிஷா. “எனக்குப் புதிரெல்லாம் போடும்.”

“அது முன்னால நீ இப்படிச் செய்வியா?”

தனிஷா கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று ரதிக்குத் தெரிந்தது. புரிய வைத்ததும் ஒரு கொடுமையாகவே இருந்தது.

வீட்டு முன்னால் நாற்காலி மடித்துச் சுவரில் சாய்த்துவைத்திருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அது அங்கே இல்லை. வேனுக்குள் இருந்திருக்கவேண்டும். முகுந்தன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“உங்களுக்குத் தெரியும்தான?” என்றாள் ரதி.

“அண்ணன் சொன்னுச்சு, அந்தப் புள்ளைய உள்ள விட மாட்டாங்களாம். சும்மா கிடக்கற கார்டுதான...”

ரதி அவன் எதிரிலேயே பார்க்குக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தவள் ஒரு மலாய்ப் பெண், பொறுமையாகப் பேசினாள். நாற்காலியில் வரும் பிள்ளைகள் தாராளமாக வரலாம், கூடவே பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும், உயரமான சறுக்குகள் இரண்டில் மட்டும் பாதுகாப்புக்காக விடுவதில்லை, மிதக்கும் வளையத்தில் அம்மா மடியில் உட்கார்ந்து சுற்றி வரலாம் என்றாள். கறுப்புக் குழாய்? அதில் முடியாது, மன்னிக்கவேண்டும் என்றாள். பிள்ளைக்கு என்ன வயது, என்ன பெயர் என்று அன்பாக விசாரித்தாள்.

போனை வைத்தபோது முகுந்தன் டிவியை அணைத்திருந்தான்.

“நாற்காலி எடுக்கப் போனப்ப ஷாமினி எங்க இருந்துச்சு?” என்று ரதி கேட்டாள்.

அவன் ரிமோட்டை மேசையில் வைத்தான். “அதுலதான் உக்காந்திருந்துச்சு. பஞ்சாலை தூக்கிப் பாயில போட்டுட்டு, மடிச்சுக் குடுத்துச்சு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“வேன் கதவத் திறந்தேன்.”

சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய புறங்கழுத்தைப் பார்த்தபோது ரதிக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் படுத்து எழுந்த ஆள். அவன் குடித்து வைத்திருந்த தேநீர்க் கோப்பையை எடுக்கவும் அவளுக்குக் கை போகவில்லை.

“கார்டக் குடுங்க” என்றாள்.

அவன் பணப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

தர்வினை அவனிடம் விட்டுவிட்டு, தனிஷாவையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போனாள். பஞ்சாலை வாசல் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் எழுந்தாள்.

“ஏன் அண்ணி, போகலயா? புஷ்பவள்ளி அண்ணிக்கு முட்டி வலி, நடக்க முடியாதுன்னுதான நாற்காலி கேட்டாங்க. அத உள்ள கொண்டு போறதுக்குக் கார்டும் வேணும்னாங்களே.”

இது ரதிக்குப் புதிது. ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கிறார்கள். தனிஷாவைக் காடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, குழாயடியில் நின்றபடி உள்ளதை உள்ளபடி சொன்னாள். பார்க்கில் சொன்ன பதில், முடி வெட்டியது, கூடத்தில் பார்த்தது, எல்லாம். சொல்லும்போது வார்த்தைகளே அசிங்கமாக இருந்தன. ஆனாலும் எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

பஞ்சாலை கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

“பெரியண்ணன் என்கிட்ட வேற சொன்னுச்சு” என்றாள் பிறகு. “இந்த மாதிரி புள்ள தண்ணியில இறங்கினா மத்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்களாம். அதனால அங்க ரூல்ஸ் போட்டிருக்காங்களாம். நான் நம்பிட்டேன். எனக்கு அது புதுசாத் தெரியல அண்ணி.”

நாற்காலியை விரித்துக் குழாயடியில் நிறுத்தினாள். சவர்க்காரமும் பிரஷும் எடுத்துவந்து தேய்க்க ஆரம்பித்தாள். கைப்பிடி, இருக்கை, கால்வைக்கும் தட்டு, சக்கரத்தின் ஒவ்வொரு கம்பி என்று விடாமல் தேய்த்தாள். நுரை வழிந்தோடியது. ரதி குனிந்து உதவப் போனாள். பஞ்சாலை கையைத் தள்ளிவிட்டாள். பலமாகத் தள்ளவில்லை. வேண்டாம் என்பதற்குத்தான்.

“முதல்ல எங்கள எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் ரதி. “வரிசையில நிக்காம போறதுக்கு.”

“தெரிஞ்சுதான் வந்து சொன்னீங்க.”

ரதி, எப்படியாவது ஷாமினி போகட்டும் என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் தன் குரலும் புஷ்பவள்ளியின் குரல்போல் கேட்கும் என்று தோன்றவே நிறுத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஷாமினி கூப்பிட்டாள். லயத்தின் சுவர் வெறும் பலகை. எல்லாம் கேட்டிருந்தது.

“தனிஷாவ... வரச் சொல்லுங்க.”

பஞ்சாலை வேண்டாம் என்றாள். ஷாமினி மறுபடியும் சொன்னாள். ரதி போய் மகளைக் கூட்டிவந்தாள். ஷாமினி பாயில் தலையணைமேல் சாய்ந்து கிடந்தாள். தனிஷா நிலைப்படியிலேயே நின்றாள். ஒட்ட வெட்டிய முடியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“செய்யி” என்றாள் ஷாமினி. “என்னை மாதிரி.”

தனிஷா அம்மாவைப் பார்த்தாள். மெதுவாகக் கையைத் தூக்கி மணிக்கட்டைப் பாதி மடக்கினாள். அதற்குமேல் முடியாமல் அப்படியே நின்றாள்.

ஷாமினி கூர்ந்து பார்த்தாள். “தப்பு” என்றாள். “கட்டைவிரல்... உள்ள இருக்கணும். நாக்கு... எனக்கு வெளிய வராது. அத யாரு... சொல்லிக் குடுத்தா?”

“பெரியம்மா” என்றாள் தனிஷா, கேட்கமுடியாத குரலில்.

“பெரியம்மா... என் முகத்தப் பாத்ததே இல்ல. அவங்களுக்கு... எப்படித் தெரியும்?”

தனிஷா அழ ஆரம்பித்தாள். ஷாமினி அவளைத் தேற்றவில்லை. ரதியின் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

“கறுப்புக் குழாய்... கேட்டீங்களா?”

“கேட்டேன். அதுல விட மாட்டாங்க. மத்ததுல விடுவாங்க.”

“சரி.” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “நான் உங்க கூட... வரல.”

பஞ்சாலை ஈரக்கையோடு வாசலில் நின்றாள். “நீங்க கொண்டுவந்து குடுத்தது நல்லது அண்ணி” என்றாள். “ஆனா இனிமே எங்கள எங்கயும் கூப்பிடாதீங்க. யாரு வீட்டுக்கும் கூப்பிட வேணாம்.”

ரதி தலையசைத்தாள். கார்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஹேமநாதன் போன் செய்தான். ஒரு கார்டுக்கு இவ்வளவு ஆட்டமா என்றான். யாருக்கு என்ன நஷ்டம், அந்தப் பிள்ளை எப்படியும் வீட்டில்தானே கிடக்கிறது என்றான். ரதி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மாமா, என் புள்ளைங்க இனிமே உங்க வீட்டுல தங்காது” என்றாள். அவன் தம்பியைக் கூப்பிடு என்றான். முகுந்தன் போனை வாங்கவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்லமுடியாது. குளிக்கப் போய்விட்டான்.

விடுமுறையில் ஹேமநாதன் குடும்பம் மட்டும் போய்விட்டு வந்தது. நனைந்த உடையில் நான்கு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் குடும்பக் குழுவில் வந்தது. எல்லோரும் இதயம் போட்டார்கள். முகுந்தன் அந்தக் குழுவிலிருந்து வெளியேறினான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஷாமினி பிறகு சிக்கு என்று கூப்பிடும் தன் வகுப்பு ஆசிரியையோடும் பிள்ளைகளோடும் பள்ளிப் பேருந்தில் அதே இடத்துக்குப் போய்வந்தாள் என்று ரதிக்குக் கிளினிக்கில் யாரோ சொல்லித்தான் தெரியும். பஞ்சாலை வழியில் பார்த்தால் பேசுவாள், பசியாறிட்டீங்களா என்பாள், அதோடு சரி.

ரதிக்கு அந்தத் தீம் பார்க்கின் விளம்பரத்தைப் பார்த்தாலே குமட்டியது. ஆனால் தனிஷா அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. வரைந்த படத்தைச் சுவரிலிருந்து தானே எடுத்துவிட்டாள். செய்யாத குற்றத்துக்கும் சேர்த்துக் குழந்தை தண்டனை அனுபவிப்பதுபோல் இருந்தது. ஆண்டுக் கடைசி விடுமுறையில் ரதி, “நாம நாலு பேரும் போலாம்” என்றாள். முகுந்தன் சரி என்றான்.

போனார்கள். ரதி திட்டம் போட்டபடி வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். தர்வின் வாந்தி எடுக்கவில்லை. குழந்தைகள் குளத்தில் அவன் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தான். தனிஷாவின் முடி தோள்வரை வளர்ந்திருந்தது. பெரிய சறுக்குக்கான வரிசை படிக்கட்டில் தொடங்கி வெயிலுக்குள் நீண்டு கிடந்தது. நால்வரும் போய்க் கடைசியில் நின்றார்கள். முகுந்தன் துண்டை விரித்துப் பிள்ளைகளின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டான். மெதுமெதுவாக நகர்ந்தார்கள். தனிஷா ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல் திறந்தது. ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள், சக்கர நாற்காலியில் ஒரு பையன். காவலாளி அட்டையைப் பார்த்துவிட்டு மேலே விட்டான்.

ரதியின் கண் தன்னால் அந்தப் பையனின் கால்களுக்குப் போனது. மெலிந்திருக்கின்றனவா? பாதம் எப்படி வளைந்திருக்கிறது? செருப்பின் அடி தேய்ந்திருக்கிறதா? கை மடங்கியிருக்கும் விதம் சரியாக இருக்கிறதா? அந்த அம்மா முகத்தில் களைப்பு உண்மையா? மேலிருந்து கீழாக, விடாமல் பார்த்தாள். அந்தத் தாய் திரும்பி ரதியைப் பார்த்தாள். அப்படிப் பார்க்கப்பட்டுப் பழகியவளின் பார்வை. மகனின் தொப்பியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ரதிக்குத் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை. ஹேமநாதனின் வீட்டில் பூசியிருந்த ஏதோ ஒன்று தன் கண்ணிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதுபோல் இருந்தது. துண்டின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தனிஷா அவள் கையை இழுத்தாள். குனியச் சொல்லிக் காதோடு கேட்டாள்.

“அம்மா, அது நெசமாவா?”

வரிசை ஒரு படி நகர்ந்தது. ரதி மகளின் தோளைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டாள்.

“அது நம்ம வேலை இல்ல” என்றாள். “முன்னால பாரு.”